மைசூருக்கு ஆடியவர் கர்நாடகத்துக்கு ஆடவில்லையா?

முன்னாள் விளையாட்டு வீரர்களின் ஓய்வூதிய விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் மாநில அதிகாரிகளுக்கு,

வணக்கம். பெங்களூர் கௌதமபுரத்தில் வாழும் முன்னாள் கால்பந்து வீரர் ஒருவரின் விண்ணப்பம் மீண்டும் திருப்பி அனுப்பப்பட்டிருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். மாநில அணிகள் மோதும் தேசியக் கால்பந்துப் போட்டியான சந்தோஷ் கோப்பையில் ஆடியதற்கான அவருடைய சான்றிதழில் கர்நாடகம் என்று இல்லை, மைசூர் என்று இருக்கிறது என்பதே இம்முறை சொல்லப்பட்ட காரணம்.

ஐயா, அவர் ஆடியது 1971இல். மைசூர் என்றிருந்த மாநிலத்தின் பெயர் கர்நாடகம் என்று மாறியது 1973 நவம்பர் 1ஆம் நாள். 2023 மார்ச்சில் ரியாத்தில் மேகாலயாவை 3-2 என வென்று நம் அணி சந்தோஷ் கோப்பையைக் கைப்பற்றியபோது, 54 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த வெற்றி என்று எல்லோரும் கொண்டாடினோம். 1968-69இல் கோப்பையை வென்றது மைசூர் அணி என்பதால்தானே அந்தக் கணக்கு வந்தது? அந்தக் கோப்பையைத் தனதென்று கொள்ளும் மாநிலம், அதே பெயரில் ஆடியவரின் சான்றிதழை அயலார் சான்றிதழாகப் பார்ப்பது எவ்வகையில் நியாயம்?

ஆட்டத்தைப் பார்த்துத்தான் ஓர் ஆலை அவருக்கு வேலை கொடுத்தது. முழங்கால் கெட்டதும் அணியிலிருந்து எடுத்து நூற்புப் பிரிவில் போட்டார்கள். பின்னர் ஆலையே மூடப்பட்டது. அதன்பின் இரவில் காவல் வேலை பார்த்துவிட்டு, விடிந்ததும் நேரே திடலுக்கு வந்து எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அதற்கு யாரிடமும் ஒரு ரூபாய் வாங்கியதில்லை. இடது விங்கில் பறந்த அந்த மனிதர், இன்று மின்தூக்கி இல்லாத அலுவலகத்தின் இரண்டாம் மாடிக்குச் சுவரைப் பிடித்தபடி, ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் ஊன்றி நின்று நின்று ஏறுகிறார். ஏறி வந்தவருக்கு ஒரு நாற்காலி கொடுக்காமல், அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்புகிறார்கள்.

1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியா அடித்த ஒரே கோல், பெங்களூர் வீரர் சாரங்கபாணி ராமன் அடித்தது. பிரேசில் கால்பந்து வீரர் பெலேவுக்குச் சிலை வைத்திருக்கும் எங்கள் பகுதியில்கூட இன்று ராமனின் பெயரை அறிந்த பிள்ளைகள் சிலரே. மறைந்தவர்களைத்தான் மறந்தோம் என்றால், உயிரோடிருப்பவர்களையும் கோப்புகளுக்குள் புதைக்க வேண்டுமா?

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டும். மைசூர் என்ற பெயரில் வழங்கப்பட்ட சான்றிதழ்கள் கர்நாடகத்துக்கு ஆடியதற்கான சான்றாகவே ஏற்கப்படும் என்று எழுத்து வடிவில் ஆணையிடுங்கள். நேரில் சரிபார்த்தாக வேண்டுமென்றால், 75 வயதைக் கடந்த அவரை மீண்டும் படியேற வைக்காமல், அலுவலர் ஒருவரை அவர் வீட்டுக்கு அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அவரிடம் ஆடக் கற்றவர்களில் ஒருவன்,
கௌதமபுரம், பெங்களூர்