முருகேசனுக்கு, ஒரு கேசட் விஷயமாக

அன்புள்ள முருகேசா,

தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்குப் பங்குனியில் பதில் எழுதுகிறேன். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். வீட்டில் எல்லோரும் நலம், என் இடது காலைத் தவிர. மாடிப்படியில் வழுக்கி, ஆறு வாரம் மாவுக்கட்டு. கையில் குடை இருந்தது. சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

படுத்துக் கிடந்தவனுக்கு மகள் ‘டாக்டர் ஹூ’ போட்டுக் கொடுத்தாள். காலம்விட்டுக் காலம் பயணம் போகும் ‘டாக்டர்’ என்பவரின் கதை, பிபிசியில் 1963-இல் தொடங்கிய தொடர். நான் பிடித்துக்கொண்டது ஐந்தாவது சீசனை: 1967 செப்டம்பரிலிருந்து 1968 ஜூன் வரை, கறுப்பு வெள்ளையில் 40 பகுதிகள். டாக்டராக பாட்ரிக் ட்ரவுட்டன். நம் கணக்கு வாத்தியாருக்குத் தொளதொளத்த கோட்டை மாட்டியதுபோல் இருக்கிறார். ஒரு கதையில் உலகையே வளைத்துப்போடப் பார்க்கும் சாலமாண்டர் என்ற வில்லனும் அவரேதான். இரட்டை வேடமென்றால் கன்னத்தில் மச்சம் என்று பழகியவர்கள் நாம். இந்த மனிதருக்கு நடையும் குரலுமே போதுமாயிருக்கிறது.

ஆனால் சீசன் முழுதாக இல்லை, முருகேசா. வீடியோ நாடா விலை அதிகம் என்று பிபிசி பழையதை அழித்து அதன்மேலேயே புதியதைப் பதிவு செய்திருக்கிறது. வெளிநாடுகளுக்கு விற்ற ஃபிலிம் பிரதிகளில்தான் கொஞ்சம் பிழைத்தது. சாலமாண்டர் கதையின் ஆறு பகுதிகளில் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. மற்ற ஐந்தும் நைஜீரியாவில் ஜோஸ் நகரத் தொலைக்காட்சி நிலையத்தில் கிடைத்ததாக 2013-இல் அறிவித்தார்கள்.

கடலடி எரிவாயுக் குழாய்க்குள் கடற்பாசி புகுந்துகொள்ளும் கதை ஒன்று. அதன் ஆறு பகுதிகளில் ஒன்றுகூட முழுதாகக் கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் வீட்டில் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்த ரசிகர்களின் புண்ணியத்தில் ஒலி மட்டும் இருக்கிறது. படத்தில் மிஞ்சியவற்றுள் முக்கியமானது எது தெரியுமா? ஆஸ்திரேலியத் தணிக்கைக்காரர்கள் பயங்கரம் என்று வெட்டியெடுத்த துண்டுகள்! ஒரு பெண்ணின் அறைக்குள் இரண்டு பேர் வந்து, வாயைப் பிளந்து விஷவாயுவை ஊதுகிறார்கள். வெட்டியதை அரசாங்கம் பத்திரமாக வைத்திருக்க, வெட்டாமல் விட்டதெல்லாம் போய்விட்டது.

அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. விஷவாயுவால் அல்ல.

1986-இல் உன் அப்பா திண்ணையில் உட்கார்ந்து பர்மாவிலிருந்து நடந்து வந்த கதையைச் சொன்னாரே, அந்தக் கேசட். தொலைந்துவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். தொலையவில்லை. யாரும் அழித்துவிடக் கூடாதென்று அதன் விளிம்பிலிருந்த இரண்டு பிளாஸ்டிக் காதுகளையும் நீ உடைத்து வைத்திருந்தாய்; அவை இல்லாவிட்டால் மேலே பதிவு செய்ய முடியாது. நான் அந்த ஓட்டைகளில் செலோடேப் ஒட்டி, சினிமாப் பாட்டுப் பதிவு செய்தேன். வெற்றுக் கேசட் வாங்கக் கையில் காசில்லை. பிபிசி சொன்ன அதே காரணம்தான்.

போன வாரம் பரணிலிருந்து அதை எடுக்கச் சொல்லி, எதிர்வீட்டுப் பழைய பிளேயரில் போட்டேன். இரண்டாம் பக்கம் பாட்டு முடிந்த பிறகு, கடைசி இரண்டு நிமிடத்தில் உன் அப்பா இருக்கிறார். பர்மா இல்லை. சுண்ணாம்பு கேட்கிறார். “இதையுமா பிடிக்கிறான்?” என்று உன் அம்மா உள்ளிருந்து அதட்டுகிறார். பிறகு இருவரும் சிரிக்கிறார்கள்.

தபாலில் அனுப்பப் பயமாக இருக்கிறது. கட்டுப் பிரித்ததும் நானே கொண்டுவருகிறேன். வாசலில் நிற்கவைத்தே திட்டு, பரவாயில்லை. ஆனால் ஒரு நாற்காலி போடு.

உன்,
ராமநாதன்