பொருள்: விரல் மூட்டு அறுவை சிகிச்சைக் கிளைமை வெட்டியது குறித்துப் புகார்

அனுப்புநர்: பாலிசிதாரர், கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்
பெறுநர்: குறைதீர்ப்பு அதிகாரி, மருத்துவக் காப்பீட்டுப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா,

என் மனைவியின் வலது மோதிர விரல் அறுவை சிகிச்சைக் கிளைமில் பாதிக்கு மேல் வெட்டியிருக்கிறீர்கள். "மணிக்கட்டில் செய்தது தொடர்பில்லாத சிகிச்சை, காயம் பழையது" என்கிறது உங்கள் கடிதம். இதை எழுதியவர் மருத்துவர்தானா?

ஈரச் சரிவில் வழுக்கிக் கையூன்றியதில் விரலின் நடு மூட்டு பின்பக்கமாக விலகி, நடு எலும்பின் அடிப்பாகம் உள்ளங்கைப் பக்கத்தில் பாதிக்கு மேல் நொறுங்கிவிட்டது. மூட்டுப் பரப்பில் 30 சதவீதத்துக்குள் உடைந்திருந்தால் பெரும்பாலும் ஸ்பிளின்ட்டே (விரலை அசையாமல் தாங்கும் பட்டை) போதும். 50ஐத் தாண்டினால் மூட்டு நிற்காது, திரும்பத் திரும்ப விலகும். முதலில் பார்த்த இடத்தில் நேர் எக்ஸ்ரே மட்டும் எடுத்து, சுளுக்கு என்று பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டி அனுப்பினார்கள். அந்த விரலைத் தனியாகப் பக்கவாட்டில் எடுத்தால்தான் விலகல் தெரியும். ஆறு வாரம் கழித்துக் கோவையில் அப்படி எடுத்தார்கள். அதற்குள் துண்டுகள் கோணலாகக் கூடிவிட்டன. இழுத்து நேராக்கிக் கம்பி போடும் காலம் கடந்துவிட்டது.

அதனால்தான் மணிக்கட்டைத் திறந்தார்கள். அங்குள்ள ஹேமேட் எலும்பில், 4, 5ஆம் உள்ளங்கை எலும்புகள் உட்காரும் இடத்தில் நடுவே ஒரு மேடு, இரு பக்கமும் குழி. நொறுங்கிய விரல் எலும்பின் அடியும் அதே வடிவம். அங்கிருந்து செதுக்கிய துண்டை விரலில் வைத்துச் சிறு ஸ்க்ரூக்களால் இறுக்குவார்கள். அந்தத் துண்டு இல்லாமல் இந்த ஆபரேஷனே கிடையாது. மருத்துவக் காப்பீடு விற்கும் உங்களுக்கு இதை நான் எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது.

ஒரிஜினல் எக்ஸ்ரே பிலிம் வேண்டுமென்று உங்கள் ஆட்கள் போனில் சொன்னதால், கட்டுப் போட்ட கையோடு அவளைக் கூட்டிக்கொண்டு மழையில் மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்கு இறங்கினோம். உங்கள் அலுவலகக் கவுண்டரில் இருந்தவர் பிலிமை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. "ஒரு விரல் மடங்கலைன்னா என்னம்மா, மீதி நாலு இருக்குல்ல?" என்றார். கொழுந்து பறிக்கிறவளிடம் பேசும் பேச்சா இது? விரல் நுனிகளை மடக்கும் ஆழ்தசைநார்கள் ஒரே தசையோடு பிணைந்தவை. மோதிர விரல் விறைத்தால் நடு விரலும் சுண்டு விரலும் முழுப் பிடிக்கு வராது. அவள் கை போனால் எங்கள் தோட்டமே போயிற்று, பிள்ளைகளின் படிப்பும் போயிற்று. அந்த ஊழியர் அவளிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

"பழைய காயம்" என்பதற்கும் பதில் கேளுங்கள். விபத்து நடந்தது பாலிசி நடப்பில் இருந்தபோது. கண்டுபிடிக்கத் தாமதமானதால் அது பாலிசிக்கு முந்தைய நோயாகிவிடாது. பாலிசி தொடங்கியதும் வரும் 30 நாள் காத்திருப்பும் விபத்துக்குப் பொருந்தாது.

தயவுசெய்து மறுபரிசீலனை செய்யுங்கள். கிளைம் மறுப்புக்கு உங்கள் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் இருக்க வேண்டுமே, அதன் நகலைத் தாருங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் சென்னை இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மனிடமும் (காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர்) காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையப் புகார்த் தளமான பீமா பரோசாவிலும் புகார் பதிவாகும். உதகை நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகவும் தயங்க மாட்டேன்.

பிசியோதெரபி பில்களிலும் கை வைக்காதீர்கள். விரலை முழுதாக நீட்டவிடாத ஸ்பிளின்ட்டோடு முதல் வாரத்திலேயே மடக்கத் தொடங்காவிட்டால் மூட்டு இறுகிவிடும். அவையும் இந்தச் சிகிச்சையின் செலவுதான்.

இப்படிக்கு,
பாலிசிதாரர்