சீட்டுல கூட காசா?

ஆசிரியருக்கு வணக்கம்,

தக்கலை பஸ் ஸ்டாண்டுல மழைக்கு ஒதுங்கி நிக்கும்போ ரெண்டு பயலுவ போன்ல ஒரு கார்டு கேமைப் பாத்து ஒரே சண்டை, 'அந்தக் கார்டு ஓவர் பவராக்கும், கம்பெனிக்காரன் அதைக் குறைக்கணும்லே'ன்னு ஒருத்தன், 'நீ கவுன்ட்டர் வையி, அதை அடக்குற கார்டை'ன்னு மத்தவன். நம்ம இருபத்தெட்டு சீட்டாட்டத்துலயும் ஜாக்கிக்கு 3 பாயிண்ட், ஒன்பதுக்கு 2, ஆனா 32 சீட்டும் பொதுவுல்லா, கலைச்சுப் போட்டா எவன் கைக்கும் வரும். போன்ல அவனவன் டெக்கை, அதான் சீட்டுக்கட்டை, அவனவனே கட்டிட்டு வாரான், காசு போட்டவன்கிட்ட அந்தக் கார்டு கெடக்கும், மத்தவன் நாலாவது டர்ன்லயே காலி. கவுன்ட்டர் வைக்கணும்னா அதுவும் வாங்கணுமே! ஹார்த்ஸ்டோன்ங்கிற கார்டு கேம்ல 2014ல லீராய் ஜென்கின்ஸ்ங்கிற கார்டை எறக்க ஆகுற மனாவை, அதான் கேமுக்குள்ள செலவாகுற சக்தியை, 4ல இருந்து 5 ஆக்குனாங்க, குறைச்ச கார்டை உடைச்சா கொஞ்ச நாளைக்கு முழு டஸ்ட்டும், அதான் வேற கார்டு செஞ்சுக்கிடுற கேம் காசும், திருப்பிக் கிடைக்கும். என் மருமவன் ஆடுற கேம்ல அதுவுமில்ல, பவரும் போச்சு ரூவாயும் போச்சு.

ஒரு வாசகர், தக்கலை