கேசட் என்னிடம், பெட்டி உன்னிடம்

முனிர்கா, புது தில்லி
டிசம்பர் கடைசி ஞாயிறு

அன்புள்ள மாப்பிள்ளை,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை ஹவுஸ் காஸில் மெட்ரோ மாறும்போது கேட்டேன். பாதி ஸ்டேஷன் சத்தம், மீதி உன் வீட்டு மிக்ஸி. அம்மா வாக்கர் இல்லாமல் நடக்க ஆரம்பித்துவிட்டார் என்பது மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது. நிம்மதி. இங்கே குளிரைவிடப் புகைதான் பாடாய்ப் படுத்துகிறது. மாடியில் நின்றால் மலை மந்திர் பக்கம் பச்சையாகத் தெரியும். மூன்று நாளாக எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். பொண்ணு பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதியதும் கேம் பெட்டி வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டாய். நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2-ஆ, சோனியின் பிளேஸ்டேஷன் 5 என்கிற பிஎஸ் 5-ஆ, இல்லை அடுத்தது வரும்வரை பொறுக்கலாமா? டிஸ்க் போடும் வாய் உள்ள பிஎஸ் 5 வாங்கு. கைப்பழசானாலும் பரவாயில்லை. அவசரமென்றால் கடிதத்தை இத்தோடு மடித்துவிட்டுக் கடைக்குப் போ. மீதியெல்லாம் என் புலம்பல்.

சிம்மக்கல்லில் நம் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே டிவி கேம். உன் அப்பா பெட்டி வாங்கிக் கொடுத்தார், கேசட்டுக்குக் காசு தரமாட்டார். என் மாமா பர்மா பஜாரில் கான்ட்ரா கேசட் வாங்கி வந்தார், பெட்டி வாங்க எங்கள் வீட்டில் வழியில்லை. கேசட் என்னிடம், பெட்டி உன்னிடம். கோபித்துக்கொண்டு போனால் இரண்டு பேருக்கும் விளையாட்டு இல்லை. நம் சண்டை எதுவும் அரை நாள் தாண்டாததற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. பெட்டி உன்னுடையது என்பதால் முதல் ரிமோட் உனக்கு. கான்ட்ராவில் சுட்டுக்கொண்டே ஓடும் இரண்டு வீரர்களில் நீ நீல பேன்ட், நான் சிவப்பு பேன்ட். கேசட்டின் அடியில் ஊதி ஊதிச் செருகுவோமே, அது கேசட்டுக்குக் கெடுதலாம். மூச்சின் ஈரம் பட்டு உள்ளே அரித்துவிடும், ஊதாதீர்கள் என்று நின்டெண்டோவே சொல்லியிருக்கிறது. கழற்றித் திரும்பச் செருகினாலே படம் வந்திருக்கும். முப்பது வருஷம் கழித்துத் தெரிந்து என்ன பயன்.

புதுப் பெட்டி வெளியாகும் அன்றே வாங்குவதைப் பற்றி நான் பட்டதைச் சொல்கிறேன். பிஎஸ் 5 அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 2020 நவம்பரில் வந்தது, நமக்கு 2021 பிப்ரவரி 2. மைக்ரோசாப்டின் எக்ஸ்பாக்ஸ் மட்டும் உலகத்தோடு சேர்ந்து நவம்பர் 10-ஆம் தேதியே இங்கேயும் இறங்கிவிட்டது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸுக்கும் டிஸ்க் வைத்த பிஎஸ் 5-க்கும் ஒரே விலை, ரூ.49,990. நான் பிடிவாதமாக பிஎஸ் 5-க்குக் காத்திருந்தேன். ஜனவரி 12 முன்பதிவு. ஆபீஸில் இரண்டு பிரவுசர், மேஜைக்கடியில் போன், வீட்டில் மனைவி கையில் இன்னொரு போன். அழகர் இறங்குவதைப் பார்க்க ராத்திரி இரண்டு மணிக்கே வைகைக் கரையில் இடம் பிடிப்போமே, அதே படபடப்பு. ஆனால் இந்த அழகர் கண் சிமிட்டுவதற்குள் கரையேறிவிட்டார். ஒரு தளத்தில் பணம் போனது, ஆர்டர் விழவில்லை. பணம் திரும்பி வர ஒன்பது நாள். அப்புறம் கடை கடையாக விசாரித்தால், பெட்டி மட்டும் தரமாட்டோம், கூடவே இரண்டு கேமும் ஒரு ரிமோட்டும் வாங்கினால்தான் என்றார்கள். நம் ஊர் ரேஷன் கடையில் சர்க்கரை வேண்டுமென்றால் சோப்பும் வாங்கு என்பார்களே, அந்த ராகம்.

ஒருவழியாக ஜூலையில் கிடைத்தது. கூடவே உள்ளே வரும் ஆஸ்ட்ரோஸ் ப்ளேரூம் அருமையான கேம்தான், ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு மூன்று மாதம் நான் ஆடியதெல்லாம் பழைய பிஎஸ் 4 டிஸ்க்குகள். புது பீரோ வாங்கி அதில் பழைய வேட்டியை மடித்து வைத்த கதை.

அதற்காகக் காத்திருந்தால் விலை இறங்கும் என்றும் நினைக்காதே. முன்பு அப்படித்தான் இருந்தது, பொறுத்தவனுக்கு லாபம். இந்தப் பெட்டியோ 2022 நவம்பரில் இங்கே ரூ.54,990 ஆனது. 2025 ஆகஸ்டில் அமெரிக்காவிலும் 50 டாலர் ஏற்றினார்கள். காத்திருப்பதில் கிடைப்பது கேம்கள்தான். சைபர்பங்க் 2077 நினைவிருக்கிறதா? 2020 டிசம்பர் 10-இல் வெளியாகி, பழைய பெட்டிகளில் ஆட முடியாத அளவுக்குத் தடுமாறி, ஒரு வாரத்தில் சோனி அதைத் தன் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. அதே கேமை, பிழைகளைச் சரிசெய்த 2.0 அப்டேட் வந்த பிறகு நான் பழைய டிஸ்க் வாங்கி ஆடினேன். முதல் நாள் வாங்கியவன் முழு விலை கொடுத்துப் பிழை பார்த்துச் சொன்னான். நான் கால் விலையில் நல்ல கேம் ஆடினேன். அவனுக்கு நன்றி.

உனக்கு பாலிகா பஜாரைக் காட்டியதே இல்லையே. கன்னாட் பிளேஸில் புல்வெளிக்கு அடியில் ஒரு சந்தை. மேலே காதலர்களும் காது குடைந்துவிடுகிறவர்களும். கீழே ஜீன்ஸ், பெல்ட், நடுவில் கேம் கடைகள். ஞாயிறு மூடியிருக்கும், அதனால் சனிக்கிழமை போவேன். நான் வழக்கமாகப் போகும் கடையில் வயசான ஒருவர் இருக்கிறார். டிஸ்க்கைக் கொடுத்தால் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். சட்டை நுனியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒரு இழுப்பு. மறுபடி சாய்ப்பு. நகைக்கடையில் உரைத்துப் பார்க்கிற மாதிரி. கடைசியில் கவரைத் திறந்து உள்ளே இருக்கும் காகிதத்தைத் தடவிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு எண்ணைச் சொல்வார். நான் இழுத்தால், "தேனா ஹை தோ தோ", கொடுப்பதானால் கொடு என்று டீ டம்ளர் பக்கம் திரும்பிவிடுவார். கவர் கிழிந்திருந்தால் 300 ரூபாய் குறைவு. அதில் பேரமே கிடையாது.

என் கணக்கு இதுதான். பெட்டி வந்த காலத்தில் பெரிய கேம் ஒன்று ரூ.4,999. இருபது நாளில் முடித்துவிட்டுக் கொண்டுபோனால் அவர் 3,300 தருவார். எனக்கு ஆன செலவு ஆயிரத்து எழுநூறு. அதே கேமை டவுன்லோட் செய்தவனுக்குப் போனது போனதுதான். டிஸ்க் இல்லாத பிஎஸ் 5 அன்றைக்குப் பத்தாயிரம் குறைவு என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். மூன்று கேம் கைமாறினால் அந்தப் பத்தாயிரம் திரும்பிவிடும். நான்காவதிலிருந்து டிஸ்க் வைத்திருப்பவனுக்கு லாபம். காசை விடு. ஆபீஸில் நாங்கள் ஐந்து பேர் டிஸ்க் மாற்றிக்கொள்கிறோம். அதில் ஒருவரோடு ஆறு வருஷமாக வேறெந்தப் பேச்சும் கிடையாது, டிஸ்க் மட்டும்தான். அதுவும் ஒரு உறவுதான்.

2013-இல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னை அறிவித்தபோது மைக்ரோசாப்ட் இதில்தான் கைவைத்தது. தினம் ஒரு முறையாவது பெட்டி இன்டர்நெட்டைத் தொட வேண்டும், வாங்கிய டிஸ்க்கை அடுத்தவருக்குக் கொடுக்கக் கட்டுப்பாடு. விலை 499 டாலர். சோனி 399 டாலருக்கு பிஎஸ் 4-ஐ வைத்துவிட்டு ஒரு குட்டி வீடியோ போட்டது. ஒருவர் டிஸ்க்கை நீட்டுகிறார், மற்றவர் "தேங்க்ஸ்" என்று வாங்கிக்கொள்கிறார். அவ்வளவுதான் வீடியோ. ஊரே சிரித்தது. அந்த வருஷம் ஜூன் முடிவதற்குள் மைக்ரோசாப்ட் கட்டுப்பாடுகளை வாபஸ் வாங்கிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அதே சோனி 2024 நவம்பரில் 700 டாலருக்கு விற்ற பிஎஸ் 5 ப்ரோவில் டிஸ்க் வாயே இல்லை, தனியாக வாங்கி மாட்ட வேண்டும். அது வெளியானபோது நமக்குக் கிடைக்கவும் இல்லை. அதன் வைஃபைக்கு வேண்டிய 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இந்தியாவில் அனுமதி தரப்படவில்லை. தொலைத்தொடர்புத் துறையால் என் காசு மிச்சமானது அந்த ஒரு தடவைதான்.

ஸ்விட்ச் 2-ஐக் குறை சொல்லமாட்டேன். உன் பொண்ணு வயசுக்கு நல்ல கேம்கள் அதில்தான் அதிகம், பழைய கேமுக்கும் விலை இறங்காது. ஆனால் நின்டெண்டோ இங்கே நேரடியாகக் கடை விரிக்கவில்லை. பாலிகாவில் அடுக்கி வைத்திருப்பதெல்லாம் துபாய், ஜப்பான் வழியாக வந்தது. ரிப்பேர் என்றால் விற்றவரிடமே போய் நிற்க வேண்டும், மதுரையிலிருந்து நீ எங்கே போய் நிற்பாய்? இன்னொன்று, இதில் டிஸ்க்குக்குப் பதில் சின்ன கார்டு. சில கேம்களின் கார்டில் கேமே இருக்காது, திறவுகோல் மட்டும்தான். மீதியை டவுன்லோட் செய்துகொள்ள வேண்டும். அந்தக் கார்டையாவது அடுத்தவருக்குக் கொடுக்க முடிகிறது, அதுவரை சரி.

ரசிகர்களைப் பற்றி நீ கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். ஸ்விட்ச் 2-க்கான மரியோ கார்ட் வேர்ல்டு என்ற கார் பந்தய கேமுக்கு 80 டாலர் என்று 2025 ஏப்ரலில் சொன்னதும் நின்டெண்டோவின் நேரலை முழுக்க "விலையைக் குறை, விலையைக் குறை" என்று கத்தினார்கள். ஜூன் 5-ஆம் தேதி ஸ்விட்ச் 2 பெட்டி வந்தது. நான்கு நாளில் 35 லட்சம் விற்றது. கத்தியவர்களில் எத்தனை பேர் அந்த வரிசையில் நின்றார்களோ! விலையும் குறையவில்லை. அதே வருஷம் மைக்ரோசாப்ட் தி அவுட்டர் வேர்ல்ட்ஸ் 2 என்ற கேமையும் 80 டாலர் என்று அறிவித்தது, சில வாரத்தில் 70-க்கு இறங்கி வந்தது. மரியோவுக்கு இருக்கும் கூட்டம் அதற்கு இல்லை, அவ்வளவுதான். அக்டோபரில் எக்ஸ்பாக்ஸின் மாதச் சந்தாவான கேம் பாஸ் அல்டிமேட்டை அமெரிக்காவில் 20 டாலரிலிருந்து 30-க்கு ஏற்றியபோது சந்தாவை ரத்து செய்யும் பக்கமே திணறிப்போனது. அந்தக் கோபம் எனக்குப் பிடித்தது. சத்தம் போடாமல் போய் பட்டனை அழுத்திய கோபம்.

எந்தப் பெட்டி உசத்தி என்று நாள் முழுக்கச் சண்டை போடுகிறவர்களை ஒரு காலத்தில் திட்டினேன். இப்போது பாவமாக இருக்கிறது. சினிமா பிடிக்காவிட்டால் வெளியே வந்து, "மொக்கைப் படம்டா" என்று சொல்லிவிடலாம், போனது இருநூறு ரூபாய். ஒரு மாதச் சம்பளத்தைக் கொட்டியவன் எப்படிச் சொல்வான்? அவன் எதிராளியோடு வாதாடவில்லை, தன் கிரெடிட் கார்டு பில்லோடு வாதாடுகிறான். நானும் வாதாடியவன்தான். பழைய பிஎஸ் 4 கேமை ஆடிக்கொண்டே புதுப் பெட்டியின் லோடிங் வேகத்தைப் பற்றி ஆபீஸில் பிரசங்கம் செய்தேன். பொறுக்க முடியாதது கருமாதி கொண்டாடும் கூட்டம்தான். கான்கார்ட் என்று ஒரு கேம், 2024 ஆகஸ்ட் 23 வந்து செப்டம்பர் 6-இல் மூடிவிட்டார்கள், காசையும் திருப்பிக் கொடுத்தார்கள். ஆடிப் பார்க்காதவர்கள்தான் அதிகம் ஆடினார்கள், அதன் பிணத்தின் மேல்.

என் பையனும் சிநேகிதர்களும் கேமின் மதிப்பை மணிக்கணக்கில் அளக்கிறார்கள். எழுபது மணி நேரம் ஓடுகிறதாம், மணிக்கு இவ்வளவு ரூபாய்தானாம். பாலில் தண்ணீர் ஊற்றினாலும் லிட்டர் கூடத்தான் செய்யும். கான்ட்ரா முழுசாக அரை மணி நேரம். நாம் ஒரு கோடை லீவு முழுக்க ஆடினோம். ஹாலோ நைட்: சில்க்சாங் என்ற கேம் 20 டாலர்தான். ஆஸ்திரேலியாவில் கைவிரலுக்குள் அடங்கும் ஆட்கள் செய்தது. 2019-இல் அறிவித்து 2025 செப்டம்பர் 4-இல் விட்டபோது ஸ்டீம் உட்பட ஆன்லைன் கேம் கடைகளே படுத்துவிட்டன. பையன் அதில் ஒரே வண்டு வில்லனிடம் நாற்பது தடவை செத்தான். நாற்பத்தொன்றாவது தடவை ஜெயித்தபோது அவன் போட்ட கூச்சலில் கீழ்வீட்டுச் சர்தார்ஜி மாடியேறி வந்துவிட்டார். இதை மணிக்கு எத்தனை ரூபாயில் எழுதுவது?

இப்போது வேலை விஷயம். நாளை ஒரு பார்சல் போடுகிறேன். உள்ளே ஸ்ப்ளிட் ஃபிக்‌ஷன் என்ற கேமின் டிஸ்க் இருக்கும். இரண்டு பேர் சேர்ந்தால்தான் ஆடவே முடியும், தனியாளுக்கு வழியே கிடையாது. ஒருவரிடம் கேம் இருந்தால் போதும், அடுத்தவர் வேறு ஊரிலிருந்து காசு கொடுக்காமல் சேர்ந்துகொள்ளலாம். நீ பெட்டியை வாங்கு. பொண்ணு பரீட்சை முடிந்து அவளோடு ஆடுவதற்கு முன்னால், ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு என்னைக் கூப்பிடு. யோசித்துப் பார்த்தால் இதிலும் டிஸ்க் வைத்திருப்பவன்தான் அழைப்பு அனுப்ப வேண்டும், அதனால் மறுபடி முதல் ரிமோட் உனக்கே. போய்த் தொலை. முடித்ததும் டிஸ்க்கைத் திருப்பி அனுப்பு. கவர் பத்திரம், கிழிந்தால் 300 ரூபாய் உன் கணக்கு.

அம்மாவைக் கேட்டதாகச் சொல். தங்கச்சியிடம், பொங்கலுக்கு மாவடு அனுப்பினால் கூரியர் செலவு என்னுடையது என்று சொல்.

உன்,
சிவப்பு பேன்ட்