படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் சிலிண்டர்கள்

எல்லாருக்கும் வணக்கம். நேற்று மோட்டார் ரிப்பேருக்காகக் கீழே போனபோது, மீட்டர் பெட்டியை ஒட்டி மூன்று ஸ்பேர் சிலிண்டர்கள் இருந்தன. ஒன்று படுத்த நிலையில். யாருடையது என்று கேட்கவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அவரவர் வீட்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு பரவிப் பள்ளத்தில் தேங்கும். நம் படிக்கட்டு மூலையும் சம்ப்பும் அப்படிப்பட்ட இடம்தான். பக்கத்தில் ஒரு சுவிட்ச் பொறி போதும்.

வீட்டிலும் சிலிண்டர் நிமிர்ந்தே நிற்கட்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்கட்டும். மூடிய அலமாரிக்குள் வைத்திருப்பவர்கள் கதவின் அடியில் காற்றோட்டத்துக்கு ஓட்டை போடுங்கள். ரப்பர் குழாயை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் (எங்கள் வீட்டில் ஏழு வருடம் ஓடிவிட்டது, போன வாரம்தான் மாற்றினேன்).

அப்புறம், டெலிவரி வாங்கும்போது சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் இருக்கும் எழுத்தைப் பாருங்கள். பி-27 என்றால் 2027 ஜூன் வரைதான் அதன் சோதனைக் கெடு.

வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து கேஸ் கசிவு அவசர உதவி எண்ணான 1906க்குப் போன் செய்யுங்கள்.