களியக்காவிளையில் கேள்வி கேட்ட காவலர் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உங்கள் சட்டையில் பெயர் குத்தியிருந்தது, படித்தேன். வேலையில் இருக்கிற பிள்ளை என்பதால் அதை இங்கே எழுதப் போவதில்லை. ஊர் திருவண்ணாமலைப் பக்கம், தமிழ்நாடும் கேரளமும் சந்திக்கும் எல்லையான இந்தக் களியக்காவிளைக்கு வருவது இதுதான் முதல் தடவை என்று சொன்னீர்கள். நவராத்திரிக்குத் திருவனந்தபுரம் போகும் சாமிகளுக்குத் துப்பாக்கி ஏந்தி மரியாதை செய்துவிட்டு, சாயாக் கடை ஓரம் வந்து நின்று கேட்டீர்கள்: "ஏம்மா, சர்க்காருக்கு மதம் கிடையாதுன்னுதானே பரீட்சையில எழுதினோம்? அப்புறம் சாமிக்கு எதுக்கு நாங்க துப்பாக்கியோட நிக்கிறோம்?"

நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுத்தவள். என் வகுப்பில் ஒரு பிள்ளையும் இதைக் கேட்டதில்லை. பிறந்ததிலிருந்து பார்ப்பதால் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அது கேள்வியாகவே தோன்றாது. கேட்க வடக்கேயிருந்து நீங்கள் வர வேண்டியிருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். பதிலை ஆரம்பித்தேன், அதற்குள் யானை குறுக்கே வந்துவிட்டது.

யானை விஷயத்தையும் எழுதிவிடுகிறேன், அன்றைக்கு அங்கே இல்லாதவர்களும் படிப்பார்கள். சரஸ்வதி அம்மனைச் சுமந்து வந்த யானை, பழக்கடை வாசலில் தொங்கிய ஒரு மட்டி வாழைக் குலையைப் பைய இழுத்துக்கொண்டது. பாகன் அதட்டினார், யானை கேட்கவில்லை. கடைக்காரர் ஓடி வந்தார், சண்டைக்குத்தான் வருகிறார் என்று நீங்கள் ஒரு அடி முன்னால் வைத்தீர்கள். அவரோ கும்பிட்டபடி, "அம்மைக்க ஆனை தின்னா எனக்க கடைக்கு ஐசரியம்லா" என்று இன்னொரு சீப்பையும் எடுத்து நீட்டினார். நீங்கள் என் பக்கம் திரும்பி, "கம்ப்ளைன்ட்டு குடுத்திருந்தா எந்த ஸ்டேட்டு போலீஸும்மா எடுக்கணும்? குலை இந்தப் பக்கம், யானை அந்தப் பக்கம் பாத்து நிக்குது" என்றீர்கள். பக்கத்தில் நின்ற கேரளக் காவலருக்கும் தமிழ் புரிந்தது. மூன்று பேரும் சேர்ந்து சிரித்தோம். அப்புறம் விசில் ஊதினார்கள், நீங்கள் ஓடிவிட்டீர்கள்.

விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன்.

1750 ஜனவரியில் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா தன் நாடு முழுவதையும் பத்மநாப சுவாமிக்கு எழுதிவைத்தார். வாளையும் சாமி முன்னால் வைத்து, 'பத்மநாபதாசன்' என்ற பெயரோடு, ஊழியனாகத் திரும்ப வாங்கிக்கொண்டார். திருப்படி தானம் என்பார்கள். அன்று முதல் இங்கே கடவுள்தான் அரசர், ராஜா அவருக்குக் காரியஸ்தர். அந்த நாட்டுச் சிப்பாய் சாமிக்கு மரியாதை செய்தால், அது அவன் மேலதிகாரிக்குச் செய்யும் மரியாதை. நீங்கள் செய்த மரியாதையின் வேர் அங்கே இருக்கிறது.

மார்த்தாண்ட வர்மா காலத்தில் தலைநகரம் நம் தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிற பத்மநாபபுரம். நவராத்திரி பூஜை அந்த அரண்மனையிலேயே, அதற்குள் இருக்கிற தேவாரக்கெட்டு கோயிலின் சரஸ்வதிக்கு நடந்தது. அந்த விக்கிரகம் கம்பர் வைத்துப் பூஜித்தது, அவர் சேர மன்னரிடம் ஒப்படைத்தபோது வருஷா வருஷம் நவராத்திரி முடங்காமல் நடத்துவதாக மன்னர் வாக்குக் கொடுத்தார் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். இதற்குக் கல்வெட்டுச் சாட்சி கேட்டால் என்னிடம் இல்லை, பாட்டிமார் வாய்வழியாக வந்தது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போயிற்று. ராஜா போனார், கஜானா போயிற்று, கச்சேரி போயிற்று, அம்மன் மட்டும் ஊரிலேயே இருந்துகொண்டாள். அதனால்தான் பூஜைக்கு அவள் நடக்கிறாள். கூட சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கை பல்லக்கில் வருகிறாள், வேளிமலை குமாரசுவாமி வருகிறார். முதல் ராத்திரி எங்கள் குழித்துறையில், மகாதேவர் கோயிலில் தங்கல். மறுநாள் களியக்காவிளை தாண்டி நெய்யாற்றின்கரை. அதற்கடுத்த நாள் திருவனந்தபுரம் கோட்டை. அங்கே போய்ச் சேர்ந்ததும் மூவரும் ஒரே இடத்தில் தங்குவதில்லை. சரஸ்வதிக்கு நவராத்திரி மண்டபம், குமாரசுவாமிக்கு ஆரியசாலை, நங்கைக்குச் செந்திட்டை. கல்யாணத்துக்குப் போன குடும்பம் மாதிரி ஆளுக்கொரு வீடு.

இதெல்லாம் ஒரே நாட்டுக்குள் நடந்தவரை உங்கள் கேள்விக்கு இடமே இல்லை. 1956 நவம்பர் 1ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாவும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நேசமணி தலைமையில் எங்கள் பெரியவர்கள் போராடி வாங்கியது அது, உயிர்ப்பலியும் கொடுத்தார்கள். அந்த ஒரு நாளில் அம்மன் நடக்கும் பாதை இரண்டு மாநிலத்துப் பாதையாயிற்று. மொழிக்காக அவ்வளவு மல்லுக்கட்டிய இரண்டு பக்கமும், சாமி போகும் வழியில் மட்டும் கை வைக்கவில்லை. அன்றிலிருந்து இந்தப் பக்கத்துப் போலீஸ் கூட்டிவந்து ஒப்படைக்கிறது, அந்தப் பக்கத்துப் போலீஸ் வாங்கிக்கொண்டு போகிறது.

இப்போது உங்கள் பரீட்சைக்கு வருகிறேன். அரசியல் சாசனத்தில் 290அ என்று ஒரு பிரிவு இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். கோயில் நிர்வாகத்தைத் தேவசம் என்பார்கள்; அந்தத் திருவிதாங்கூர் தேவசம் நிதிக்கு ஆண்டுதோறும் 46 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயைக் கேரளம் கொடுக்க வேண்டும். 1956இல் தமிழ்நாட்டுக்கு வந்த பகுதியிலுள்ள கோயில்களின் பராமரிப்புக்காக 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயைத் தமிழ்நாடு கொடுக்க வேண்டும். சாசனத்திலேயே எழுதியிருக்கிறது தம்பி. எங்கள் நான்கு தாலுகாக் கோயில்களுக்கு விளக்கெரிக்கும் காசு, நாடாளுமன்றம் கூடி வைத்த ஒரு பிரிவில் இருக்கிறது.

மதச்சார்பற்ற சர்க்கார் கோயிலுக்கு ஏன் காசு கொடுக்கிறது? இதற்கு நான் சொல்லும் பதில், அது தானம் இல்லை, கடன். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்றோ என்ற வெள்ளைக்காரர் இங்கே கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடென்டாகவும், ராஜாவின் முதல் மந்திரியான திவானாகவும் இரண்டு நாற்காலியிலும் ஒருசேர இருந்தார். அவர் கோயில்களையும் அவற்றின் நிலங்களையும் சர்க்கார் வசமாக்கினார். நிலத்து வருமானம் கஜானாவில் கலந்துவிட்டது. சொத்தை எடுத்துக்கொண்டவர் செலவை ஏற்க வேண்டும் அல்லவா? ராஜா அந்தப் பொறுப்பை ஏற்றார், ராஜாவுக்குப் பின் வந்த குடியரசும் ஏற்றது. இது சாமியைக் கும்பிடுவதில் வராது. வாங்கியதற்குக் கணக்குத் தீர்ப்பதில் வரும். சாமி கும்பிடாதவர்களும் இதற்குத் தலையாட்டலாம், ஆட்டியிருக்கிறார்கள். ஊர்வலம் கிளம்பும் அன்று பத்மநாபபுரம் அரண்மனை உப்பரிகை மாளிகையில் ராஜாவின் உடைவாளை எடுத்துக் கொடுக்கும் சடங்குக்குக் கேரள அமைச்சர்கள் வருவார்கள். இடதுசாரி ஆட்சியிலும் வந்து நின்று அந்த வாளைக் கையில் எடுத்துக் கொடுத்தார்கள். அவர்களை நான் மதிக்கிறேன். தான் நம்பாத ஒன்றுக்காக இன்னொருவர் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவது லேசான காரியம் இல்லை.

அரண்மனையைப் பற்றி இன்னொன்று. இடம் தமிழ்நாடு, பார்த்துக்கொள்வது கேரளத் தொல்லியல் துறை. வாசலில் சீட்டுக் கிழித்துக் கொடுப்பது கேரள சர்க்கார், வெளியே வந்தால் நிற்பது நம்மூர் பஸ். வெளியூர்க்காரர்களுக்கு இது விசித்திரம். எங்களுக்கு அன்றாடம். களியக்காவிளையில் லாட்டரி பார்த்தீர்கள் அல்லவா? அங்கே சர்க்காரே அச்சடித்து விற்கிற சீட்டு. இங்கே 2003 முதல் தடை, விற்றால் நீங்கள்தான் பிடிக்க வேண்டும். அம்மன் வரும்போது ஒருவர் சட்டைப்பையில் அந்தச் சீட்டோடு, மனமுருகிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கல்விக்கு அதிபதியிடம் என்ன கேட்டாரோ! செல்வத்துக்கு வேறு தெய்வம் உண்டு என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவள் அதற்காகவெல்லாம் முகம் திருப்பிக்கொள்பவள் இல்லை என்பது என் நம்பிக்கை.

சட்டத்தின் கண்ணில் சாமியும் ஒரு ஆள்தான், தெரியுமா? சொத்து வைத்திருக்கலாம், வழக்குப் போடலாம். தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத மைனர் போலப் பாவித்து, சாமிக்காக வேறொருவர் வாதாடுவார். 1925இலேயே, அப்போது நமக்கு உச்ச நீதிமன்றம் போலிருந்த லண்டன் பிரிவி கவுன்சில் இதை உறுதி செய்திருக்கிறது. எனவே மட்டிக் குலை வழக்கு வந்திருந்தால், எந்த மாநிலப் போலீஸ் என்பதோடு, அம்மன் சார்பில் யார் ஆஜராவது என்றும் பார்த்திருக்க வேண்டும். கடைக்காரர் எல்லாரையும் காப்பாற்றினார்.

ஆனால் அதிகாரமும் சாமியும் கைகோத்து நடந்த காலம் எல்லாருக்கும் இனித்தது என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது நாளும் பாடுகிற கீர்த்தனைகள் சுவாதித் திருநாள் மகாராஜா இயற்றியவை. அவ்வளவு அருமையான சங்கீதம். அதே சுவாதித் திருநாள் ஆட்சியில்தான் சாமித்தோப்பு அய்யா வைகுண்டரைப் பிடித்துப் போய்த் திருவனந்தபுரத்தில் சிறை வைத்தார்கள். எளிய மக்களிடம் தலைப்பாகை கட்டு, நிமிர்ந்து நில் என்று சொன்னவர் அவர். தலையில் துண்டு கட்டவே அனுமதி இல்லாத ஜனங்கள் அவர்கள். இன்றும் சாமித்தோப்பில் ஆண்கள் தலைப்பாகையோடுதான் உள்ளே போகிறார்கள், உள்ளே சிலைக்குப் பதில் கண்ணாடிதான் இருக்கிறது. பார்த்தால் நம் முகம் தெரியும். அய்யா பிறந்த நாளுக்கு இன்று மாவட்டத்துக்கே விடுமுறை. பிடித்துப்போன அதிகாரத்தின் இடத்தில் இப்போது இருக்கும் அதிகாரம் அவருக்காக அலுவலகத்தைப் பூட்டுகிறது. டிசம்பர் 3ஆம் தேதி கோட்டாறு சவேரியாருக்கும் அப்படியே. எங்கள் மாவட்டத்தில் பிள்ளைகள் எல்லா மதத்துக்கும் பக்தர்கள், லீவு தேதியைக் கேட்டுப் பாருங்கள், மனப்பாடமாகச் சொல்வார்கள்.

மண்டபம் பற்றியும் சொல்ல வேண்டும். எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் கச்சேரி, கை தட்டக் கூடாது. வெகுகாலம் பெண்கள் அங்கே பாடவும் கூடாது. உள்ளே இருக்கும் தெய்வம் வீணை வைத்திருக்கிற பெண். அவள் முன்னால் பாட ஒரு பெண்ணுக்கு இடம் இல்லை. 2006இல் பாறசாலை பொன்னம்மாள் பாடினார். எண்பது வயதைத் தாண்டிய பிறகு! நீங்கள் அன்று நின்ற இடத்திலிருந்து ஊர்வலம் அடுத்தாற்போல் போய்ச் சேரும் ஊர் அந்தப் பாறசாலை. அம்மன் அவர் ஊர் வழியாக எத்தனையோ வருஷம் போய்க்கொண்டே இருந்திருக்கிறாள். வழக்கத்தை மாற்றக் கூடாது என்று என்னிடம் யாராவது வாதாடினால் நான் பொன்னம்மாள் பெயரைச் சொல்வேன். நடைப் பயணம் மாறக் கூடாது, பாட்டுக்குப் போட்ட பூட்டு உடைய வேண்டும். இரண்டையும் சேர்த்தே விரும்புகிறேன். இதில் முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வாக்கு அம்மனுக்கு நவராத்திரி நடத்துவதாகக் கொடுத்தது, பெண்கள் வாயை அடைப்பதாக யாரும் கொடுக்கவில்லை.

இனி உங்களிடம் ஒரு கோரிக்கை. இதற்காகத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன். வழிநெடுக வீட்டு வாசலில் குத்துவிளக்கு ஏற்றி, பூ, பழம் வைத்து, விடிந்ததிலிருந்து காத்து நிற்கும் வயசான பெண்களைப் பார்த்திருப்பீர்கள். கொஞ்ச காலமாகக் கூட்டம் கூடுகிறது, பெரிய மனிதர்கள் வருகிறார்கள், போட்டோ எடுப்பவர்கள் முன்னால் ஓடுகிறார்கள். அதனால் கூட்டத்தைத் தடுக்க நீங்கள் பிடிக்கும் கயிறு அகலமாகிறது, விளக்கு ஏற்றியவர்கள் பின்னால் போகிறார்கள். எனக்குத் தெரிந்த ஓர் அம்மச்சிக்கு, சொந்த வாசலில் நின்றும் பல்லக்கின் மேல்கூரை மட்டும்தான் தெரிந்தது. சத்தம் போட அவருக்குத் தெரியாது. "போட்டு மக்ளே, அடுத்த கொல்லம் பாக்கலாம்" என்று விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர் வயசில் அடுத்த வருஷம் என்பது நிச்சயமான தேதி இல்லை. கயிறு உங்கள் கையில் இருக்கும்போது, விளக்கு வைத்த வீட்டு முன்னால் மட்டும் இரண்டு அடி தளர்த்திப் பிடியுங்கள். உங்கள் அதிகாரிக்கும் அதில் மனத்தாங்கல் வராது. வந்தால், ஒரு டீச்சர் சொன்னாள் என்று சொல்லுங்கள், நான் வந்து பேசுகிறேன்.

இந்த வருஷமும் பந்தோபஸ்துக்குப் போட்டால், உங்கள் அம்மாவையும் கூட்டி வாருங்கள். போகும்போது கூட்டம், ஒன்றும் பார்க்க முடியாது. விஜயதசமிப் பூஜையெடுப்பு முடிந்து சாமிகள் திரும்பி வரும்போது குழித்துறையில் நின்றால் நிதானமாகப் பார்க்கலாம். மகாதேவர் கோயில் பக்கம் வந்து டீச்சர் வீடு என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். சம்பா அரிசிச் சோறும் மீன்கறியும் இருக்கும், சைவமானால் அவியலும் எரிசேரியும். அரண்மனை பார்க்க ஆசையிருந்தால் திங்கட்கிழமை மட்டும் வராதீர்கள், அன்று பூட்டியிருக்கும்.

அன்புடன்,
குழித்துறை டீச்சர்