மெல்பர்னிலிருந்து அண்ணனுக்கு

டார்னிட், மெல்பர்ன்
24.01.2021

அன்புள்ள அண்ணனுக்கு,

நானும் உங்கள் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலம். அங்கே அம்மா, மதினி, பிள்ளைகள் எல்லாரும் சுகம்தானே? பொங்கலுக்கு நான் வரவில்லை என்று அம்மா போனில் அழுதாள். டிக்கெட் காசுக்காக நான் நிற்கவில்லை என்று அவளுக்கு நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். இந்த நாட்டை விட்டு வெளியே போகவே இப்போது அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டும். போய்விட்டால் திரும்பி வர விமானத்தில் எப்போது இடம் கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

குரூப்பில் நீங்கள் போட்ட வீடியோவைப் பார்த்தேன். எங்கள் விக்டோரியா மாநிலத்தின் பிரீமியர், அதாவது முதலமைச்சர், டேனியல் ஆண்ட்ரூஸை ஒருவர் சர்வாதிகாரி என்று கத்துகிறாரே, அதுதான். ‘உங்க ஊரு முதலமைச்சர் அவ்வளவு மோசமானவரா?’ என்று கேட்டிருந்தீர்கள். போனில் சொன்னால் பாதியில் பேச்சு வேறு எங்காவது போய்விடும், அதனால் எழுதுகிறேன்.

போன ஜூலையிலிருந்து அக்டோபர் கடைசி வரை, 112 நாள், கொரோனாவுக்காக மெல்பர்னை அடைத்துப் போட்டார்கள். ஆகஸ்டில் ரொம்பக் கடுமை. இரவு 8 மணிக்கு மேல் வெளியே தலை காட்டக் கூடாது. வீட்டிலிருந்து 5 கிலோமீட்டர் தாண்டக் கூடாது. கடைக்கு வீட்டுக்கு ஒருவர்தான். மாஸ்க் இல்லாவிட்டால் 200 டாலர் அபராதம். எனக்கு முதியோர் இல்ல வேலை என்பதால் பர்மிட் உண்டு. ஷிப்ட் முடிந்து வரும்போது ரோட்டில் எங்கள் காரைத் தவிர வேறு வண்டி இருக்காது. போலீஸ்காரர் நிறுத்தி, டார்ச் அடித்து அந்தக் காகிதத்தை வாசித்துவிட்டுத்தான் விடுவார். ஆகஸ்டில் ஒரே நாளில் 700 பேருக்கு மேல் தொற்று வந்த ஊர் இது. அக்டோபர் 26 அன்று ஒரு தொற்றும் இல்லை, ஒரு சாவும் இல்லை. அன்றைக்கு நாங்கள் எல்லாரும் அழுதோம். அடைத்தது சரி என்றுதான் நான் இன்றைக்கும் சொல்வேன்.

ஆனால் அது முழுப் பதில் இல்லை, அண்ணே.

இங்கே மாநிலத்தில் ஆள்வது லேபர் கட்சி, ஆண்ட்ரூஸுடையது. கான்பெராவில் மத்திய அரசு லிபரல் கட்சிக் கூட்டணி, பிரதமர் ஸ்காட் மாரிசன். நோய் பரவப் பரவ, ஊரே இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஒரு பக்கத்துக்கு ஆண்ட்ரூஸ் ‘டிக்டேட்டர் டான்’. அவருக்கு எந்தப் பட்டப்பெயர் பொருந்தும் என்று ஒரு லிபரல் எம்எல்ஏ ட்விட்டரில் வாக்கெடுப்பே நடத்தினார். இன்னொரு பக்கம் ‘ஐ ஸ்டாண்ட் வித் டான்’ என்று கொடி பிடித்தது. ஆண்ட்ரூஸ் ஒரு நாள் விடாமல் 120 நாள் நிருபர்கள் முன்னால் வந்து நின்றார். அதை நான் மதிக்கிறேன். எத்தனை தலைவர்கள் அப்படி நிற்பார்கள்? ஆனால் அங்கே குடைந்து குடைந்து கேள்வி கேட்ட ஒரு பெண் நிருபரை அவருடைய ஆதரவாளர்கள் நெட்டில் திட்டிய திட்டு இருக்கிறதே, நம் வீட்டுப் பெண்கள் காதில் விழக்கூடாத வார்த்தைகள். கேள்வி கேட்பதுதானே அவளுடைய வேலை?

அந்தக் கேள்வி என்னவென்றால், வெளிநாட்டிலிருந்து வந்தவர்களை ஹோட்டல்களில் 14 நாள் வைத்திருந்தார்கள். காவலுக்குத் தனியார் செக்யூரிட்டி ஆட்களைப் போட்டார்கள். தொற்று ஹோட்டலிலிருந்து வெளியே வந்தது அவர்கள் வழியாக. அந்தக் காவலர்களில் பாதிப்பேர் நம்மைப் போல வந்தேறிகள்தான். சரியான பயிற்சியும் கிடையாது, உடம்புக்கு முடியாவிட்டால் சம்பளத்தோடு லீவும் கிடையாது. அவர்களைக் காவலுக்குப் போடலாம் என்று முடிவெடுத்தது யார்? முன்னாள் நீதிபதி ஜெனிபர் கோட் தலைமையில் விசாரணை வைத்தார்கள். பிரீமியர், மந்திரிகள், பெரிய அதிகாரிகள் எல்லாரும் வந்து உட்கார்ந்து, நான் இல்லை, எனக்குத் தெரியாது என்றார்கள். சுகாதார மந்திரி ஜென்னி மிகாகோஸ் ராஜினாமா செய்தார். போன மாதம் அறிக்கை வந்தது, ஆண்ட்ரூஸ் மன்னிப்பும் கேட்டார். முடிவெடுத்தவர் இன்னார் என்று மட்டும் இன்றுவரை தெரியவில்லை.

லிபரல்காரர்கள் இதைப் பற்றி விடிய விடியப் பேசுவார்கள். செத்தவர்கள் எங்கே செத்தார்கள் என்று கேட்டால் வாய் திறக்க மாட்டார்கள். இந்த மாநிலத்தில் 800-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதில் 600-க்கும் மேல் முதியோர் இல்லங்களில் இருந்தவர்கள். அந்த இல்லங்களுக்கு மானியம் கொடுப்பதும் மேற்பார்வை பார்ப்பதும் மத்திய அரசு. முதியோர் நலத்துக்கென்றே ஒரு மந்திரி இருக்கிறார், ரிச்சர்ட் கோல்பெக். ஆகஸ்டில் நாடாளுமன்ற மேலவையான செனட்டின் கமிட்டி முன்னால், இதுவரை எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. காகிதத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தார். நான் அதை டீ ரூமில் நின்றபடி பார்த்தேன். எங்கள் மாடியில் எத்தனை கட்டில் காலி என்று எங்களில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்போம்.

எங்கள் இல்லத்தின் பெயர் வேண்டாம். அங்கே ஒரு இத்தாலியப் பாட்டி இருந்தாள். இங்கிலீஷ் பேசிக்கொண்டிருந்தவள்தான், கடைசி வருஷத்தில் அது மறந்து இத்தாலியன் மட்டும் மிஞ்சிவிட்டது. மகன் தினமும் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்று போன் போடுவார். நான் போனை அவள் காதில் வைத்துப் பிடிப்பேன். என் முகக் கவசத்தில் ஆவி படிந்து எனக்கு அவர் முகம் சரியாகத் தெரியாது. அவர் கையைக் கண்ணாடியில் வைப்பார், இவள் அந்தக் கையைத் துடைத்துவிடப் பார்ப்பாள். அந்த வாரங்களில் எங்களில் பலர் இரண்டு இல்லம், மூன்று இல்லம் என்று ஓடிக்கொண்டிருந்தோம். ஒரு இடத்தில் வாரத்துக்குப் போதிய மணி நேரம் வேலை தந்தால் ஏன் ஓடுகிறோம்? தொண்டை வலித்தாலும் சொல்லாமல் வேலைக்கு வந்தவர்கள் இருந்தார்கள். வராவிட்டால் அந்த வார வாடகை இல்லை. தொற்று ஓர் இல்லத்திலிருந்து இன்னொன்றுக்கு இப்படித்தான் போனது. அதற்கப்புறம்தான் லீவுக்குக் காசு, ஒருவர் ஒரு இடத்தில் மட்டும் வேலை என்றெல்லாம் ஏற்பாடு வந்தது. அந்தப் பாட்டி ஆகஸ்டில் போய்விட்டாள்.

மாநில அரசே நடத்தும் இல்லங்களில் தொற்று மிகக் குறைவு. இத்தனை பேருக்கு ஒரு நர்ஸ் என்று அங்கே சட்டமே இருக்கிறது, தனியார் இல்லங்களுக்கு அது கிடையாது. மாநில அரசு இல்லங்களில் பெரும்பாலானவை சின்ன ஊர்களில் இருப்பதும் ஒரு காரணம்தான். லேபர்காரர்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள், ஹோட்டல் பேச்சை எடுத்தால் கோபம் வரும். உங்கள் மாப்பிள்ளையும் அப்படித்தான். வீட்டில் இதனால் சாப்பாட்டு நேரத்தில் சண்டை. என்கூட வேலை பார்க்கும் ஒரு வெள்ளைக்காரம்மாவின் மகள் சலூன் வைத்திருந்தாள். மாதக்கணக்கில் மூடிக் கிடந்து, கடையையே விட்டுவிட்டாள். அவர்களும் டிக்டேட்டர் என்றுதான் திட்டுவார்கள். அந்தம்மாவின் கோபத்தை நான் தப்பு சொல்ல மாட்டேன். அந்தக் கோபத்தை எடுத்து ஓட்டாக்கப் பார்த்தவர்களைத்தான் சொல்கிறேன். அந்தச் சலூனுக்கு என்ன உதவி செய்யலாம் என்று அவர்கள் பேசி நான் கேட்கவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதுதான் எனக்கு ஆறவே இல்லை. ஜூலை 4, சனிக்கிழமை சாயங்காலம், பிளெமிங்டனிலும் நார்த் மெல்பர்னிலும் அரசாங்க அடுக்குமாடிகள் ஒன்பதை முன்னறிவிப்பே இல்லாமல் போலீஸை வைத்துப் பூட்டினார்கள். உள்ளே சுமார் 3,000 பேர். சோமாலியா, எத்தியோப்பியா, வியட்நாம் என்று வந்த ஏழைக் குடும்பங்கள். சாப்பாடும் மருந்தும் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. போர் கண்டு ஓடிவந்த ஜனங்கள், வாசலில் யூனிபார்மைப் பார்த்தால் என்ன ஆகும்? அப்படி அந்த நிமிஷமே பூட்டியது மனித உரிமைச் சட்டத்துக்கு விரோதம் என்று டிசம்பரில் மாநிலத்தின் ஆம்புட்ஸ்மன், அதாவது அரசாங்கத்தின் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் அதிகாரி, அறிக்கை கொடுத்தார். அரசு மன்னிப்புக் கேட்க மறுத்துவிட்டது. டானுக்காகக் கொடி பிடித்தவர்களில் எனக்குத் தெரிந்த ஒருவர்கூட அன்றைக்கு வாய் திறக்கவில்லை. சர்வாதிகாரி என்று கத்தியவர்களும் இந்த ஜனங்களுக்காகத் தெருவுக்கு வந்ததை நான் பார்க்கவில்லை.

அதனால்தான் அண்ணே, அந்த வீடியோவை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். ஆண்ட்ரூஸைக் காப்பாற்ற நான் இதைச் சொல்லவில்லை. அவரைக் கேட்க வேண்டிய கேள்வி அதில் ஒன்றுகூட இல்லை.

அங்கே தேர்தல் வேலை தொடங்கிவிட்டது என்று மதினி சொன்னாள். நீங்கள் மேடை ஏறுவீர்கள், எதிர்க்கட்சியை ஏசுவீர்கள், அது உங்கள் கட்சி வேலை. நம் அரசு ஆஸ்பத்திரியில் எத்தனை நர்ஸ் இடம் காலியாகக் கிடக்கிறது என்று விசாரித்து அதையும் மேடையில் சொல்லுங்கள். உங்கள் கட்சி ஆண்டபோது எத்தனை காலி என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். கூட்டம் என்றால் மாஸ்கைத் தாடைக்குக் கீழே இழுத்துவிடாதீர்கள், போட்டோவில் பார்த்தேன்.

அங்கே 16-ஆம் தேதி தடுப்பூசி தொடங்கிவிட்டதே. இங்கே பிப்ரவரி கடைசிதான், எங்களை முதல் வரிசையில் வைத்திருக்கிறார்கள். அங்கே வயதானவர்கள் முறை வந்ததும் அம்மாவை முதல் நாளே கூட்டிப் போங்கள். பயப்படுவாள், என்னைப் போனில் கூப்பிடச் சொல்லுங்கள், நான் பேசுகிறேன். மாத்திரைக்கும் பெரியவன் பீஸுக்கும் சேர்த்து உங்கள் கணக்கில் பணம் போட்டிருக்கிறேன், வந்ததும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

அன்புத் தங்கை,
செல்வி